பத்துக்குப் பத்து அறை, இரண்டு கீபோர்டு, நாலு புகார்: ஒரு வீட்டு ஒலிப்பதிவு அமைப்பின் நிகழ்வு ஆய்வு

சென்னை கொளத்தூரில் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு, இரண்டாவது மாடி. பத்தடிக்குப் பத்தடி அறை. கூரையின் உயரமும் ஏறக்குறைய பத்தடிதான். அந்த அறைக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்திலும், முகூர்த்த நாட்களில் மெல்லிசைக் குழுவிலும் கீபோர்டு வாசிப்பவர். மேடைப் பழக்கம் நிறைய உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணக் கச்சேரி இருக்காது. அந்த மாதங்களில் பாடகர்களுக்கு மைனஸ் ட்ராக் (குரல் இல்லாத பின்னணி இசை) போட்டுத் தந்தால் கை ஓடும் என்று கணக்குப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கருவிகளைச் சேர்த்திருந்தார்.

இருந்தவை இவை: டோலக், தபலா, நாதஸ்வரம் எல்லாம் உள்ளேயே கொண்ட 61 கீ அரேஞ்சர் கீபோர்டு, மிகப் பழையது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய 88 கீ டிஜிட்டல் பியானோ. விண்டோஸ் லேப்டாப், இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (கருவிகளின் ஒலியைக் கணினிக்குக் கொண்டுபோகும் பெட்டி), ஐந்து அங்குல ஸ்டுடியோ ஸ்பீக்கர் ஒரு ஜோடி, ஒரு கண்டென்சர் மைக். எதுவும் குப்பை அல்ல. ஆனால் ஒரு பாட்டைக்கூட முடிக்க முடியவில்லை.

"தம்பி, அடிச்சா லேட்டா கேக்குது. டோலக் குழாய்க்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. ஸ்பீக்கர்ல எப்பவும் ஒரு உறுமல். எல்லாத்தையும் சரிக்கட்டி மிக்ஸ் பண்ணி கார்ல போட்டா பேஸ் கண்ணாடிய ஆட்டுது." அவர் என்னிடம் சொன்ன நாலு புகார் இவை (பேஸ் என்றால் தாழ்ந்த ஒலி). இவற்றுக்குத் தீர்வாக ஒரு கடையில் விலைப்பட்டியலும் வாங்கி வைத்திருந்தார்: எட்டு இன்புட் இன்டர்ஃபேஸ், எட்டு அங்குல ஸ்பீக்கர், கூடவே சுவரில் ஒட்ட ஃபோம். "அண்ணே, பணத்தைக் கையிலயே வைங்க, முதல்ல ஒயரைப் பாத்துடுவோம்" என்றேன். பெட்டிகளில் கோளாறு இருந்தால் ஏதாவது ஒரு பெட்டியாவது தனியாக ஓடும்போதே அதைக் காட்டிவிடும். இங்கே ஒவ்வொன்றும் தனியாக ஒழுங்காகவே ஓடியது. இரண்டைச் சேர்த்த பிறகுதான் ஒவ்வொரு புகாரும் வந்தது.

தாமதம்

இது சுலபமாக முடிந்தது. பதிவு மென்பொருளில் ஒலிக்கருவியாக லேப்டாப்பின் சொந்த சவுண்ட் கார்டுதான் தேர்வாகியிருந்தது. இன்டர்ஃபேஸ் செருகியிருந்தும் அதன் ஏசியோ டிரைவர் (தாமதத்தைக் குறைக்கும் இணைப்பு மென்பொருள்) நிறுவப்படவே இல்லை. பஃபர், அதாவது கணினி ஒரே தடவையில் சேர்த்துக் கையாளும் ஒலித் துண்டு, 1024 சாம்பிள் (ஒரு கணத்தின் ஒலி அளவீடு ஒரு சாம்பிள்). நொடிக்கு 44,100 சாம்பிள் என்ற வேகத்தில் 1024 சாம்பிள் என்பது 23 மில்லி செகண்ட். விண்டோஸின் வழக்கமான டிரைவர் அதற்கு மேலும் தன் பங்கைச் சேர்க்கும். இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளரின் ஏசியோ டிரைவரைப் போட்டு, 48,000 சாம்பிள் வேகத்தில் பஃபரை 128-க்கு இறக்கியதும் அந்தப் பங்கு 2.7 மில்லி செகண்டாகக் குறைந்தது. யூஎஸ்பி, டிஜிட்டல் மாற்றி எல்லாம் சேர்த்தால் இதைவிடக் கொஞ்சம் கூடும். ஆனால் விரல் உணரும் அளவுக்கு இல்லை.

ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. மேடையில் மூன்று மீட்டர் தள்ளி வைத்த மானிட்டர் பாக்ஸில் தன் வாசிப்பைக் கேட்டால் அதுவே கிட்டத்தட்ட 9 மில்லி செகண்ட் தாமதம். இத்தனை வருஷம் அந்தத் தாமதத்தோடுதான் வாசித்திருக்கிறார். அதனால் பஃபரை 32-க்கு இறக்கி, லேப்டாப்பைத் திணறவைத்து, ஒலி 'டப் டப்' என்று உடைவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இன்னொன்றும் இருந்தது. இரவில் வீட்டில் யாரும் எழுந்துவிடக் கூடாதென்று ப்ளூடூத் ஹெட்போனில் கேட்டு வாசித்திருக்கிறார். சாதாரண ப்ளூடூத் ஹெட்போனில் மட்டுமே நூறு மில்லி செகண்டுக்கு மேல் போய்விடும். எந்த டிரைவரும் அதைக் காப்பாற்றாது. ஒயர் உள்ள ஹெட்போன்தான் வழி. மிக்ஸிங்கின்போது பஃபரைத் திரும்ப 1024-க்கு ஏற்றிக்கொள்ளலாம், அப்போது யாரும் வாசிக்கப்போவதில்லை.

குழாய்க்குள் டோலக்

நாலு புகாரில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். அரேஞ்சர் கீபோர்டின் சொந்த ஸ்பீக்கரில் டோலக் கணீரென்று இருந்தது. அதே ரிதத்தைக் கணினியில் பதிந்தால் டோலக் எங்கோ போய்விட்டு, அதன் எதிரொலி மட்டும் மிதந்தது. பேஸ் கிட்டார் அடியோடு இல்லை. ஸ்ட்ரிங்ஸ் மட்டும் ஓரளவு நன்றாகவே இருந்தது. இன்டர்ஃபேஸ் பழுது என்று அவர் முடிவுகட்டியது இதை வைத்துத்தான்.

எது மறைகிறது, எது நிற்கிறது என்று பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிந்தது. இடது வலது இரண்டிலும் சமமாக, நடுவில் ஒலிப்பவை எல்லாம் காணாமல் போயிருந்தன. பக்கவாட்டில் விரிந்து ஒலிப்பவை தப்பியிருந்தன. கீபோர்டின் மிக்ஸரில் டோலக்கின் பேனை, அதாவது இட வல இருப்பிடத்தை, முழுக்க இடப்பக்கம் தள்ளிவிட்டு ஓட்டச் சொன்னேன். டோலக் முழுச் சத்தத்தோடு வந்துவிட்டது.

காரணம் ஒரே ஒரு கேபிள். அந்தக் கீபோர்டில் தனியாக லைன் அவுட் கிடையாது; ஹெட்போன் ஓட்டை மட்டும்தான். ஹெட்போன் ஜாக்கில் நுனி இடது ஒலி, நடு வளையம் வலது ஒலி, அடிப்பகுதி கிரவுண்ட். அவர் இரண்டு முனையிலும் மூன்று தொடுபுள்ளி கொண்ட ஸ்டீரியோ ஜாக் கேபிளை எடுத்து, ஒரு முனையை ஹெட்போன் ஓட்டையிலும் மறுமுனையை இன்டர்ஃபேஸின் முதல் இன்புட்டிலும் செருகியிருந்தார். பார்க்க எல்லாம் பொருந்தும். ஆனால் அந்த இன்புட் ஸ்டீரியோ இன்புட் அல்ல, பேலன்ஸ்டு இன்புட். வழியில் ஒட்டிக்கொண்ட இரைச்சலை நீக்குவதற்காக, நுனியில் வருவதிலிருந்து வளையத்தில் வருவதைக் கழிப்பதுதான் அதன் வேலை. இங்கே அது இடதிலிருந்து வலதைக் கழித்தது. இரண்டிலும் ஒன்றாக இருந்த டோலக்கும் பேஸும் பூஜ்யமாயின. இரண்டிலும் வேறுவேறாக இருந்த எதிரொலி மட்டும் மிச்சம். கருவி தனக்குச் சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறது.

ஒரு பக்கம் ஸ்டீரியோ ஜாக், மறுபக்கம் இரண்டு மோனோ ஜாக் உள்ள 'ஒய்' கேபிள் ஒன்றை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு வாங்கினோம். ஒன்று முதல் இன்புட்டுக்கு, மற்றொன்று இரண்டாவதுக்கு. மென்பொருளில் ஒன்று இடக்கோடி, மற்றொன்று வலக்கோடி. இன்புட்டை மைக்குக்கோ கிட்டாருக்கோ உரிய நிலையில் வைக்காமல் லைன் நிலையில் வைத்து, கீபோர்டின் வால்யூமை முக்கால் பங்கில் நிறுத்தி, உச்சத்தில் கழித்தல் 12 டெசிபல் வரும்படி கெய்ன் (உள்வரும் ஒலியின் பெருக்கம்) வைத்தோம். 24 பிட்டில் பதியும்போது சிவப்பு விளக்கைத் தொடும் அளவுக்கு ஏற்ற வேண்டியதே இல்லை. மேடை மிக்ஸரில் ஊசியை உச்சியில் ஆடவிட்ட பழக்கம் அவருக்குச் சட்டென்று போகவில்லை.

இதே கீபோர்டில் இன்னொரு சின்னச் சிக்கலும் ஒளிந்திருந்தது. ஒரு நோட்டை அடித்தால் அதன் ஒலிப்பகுதி ஒரு தரம் ஒலிக்கும். அதே நோட்டு மிடி (ஒலியை அல்ல, எந்த நோட்டு, எவ்வளவு விசை என்ற தகவலை மட்டும் அனுப்பும் முறை) வழியாகக் கணினிக்குப் போய், அங்கிருந்து திரும்ப அனுப்பப்பட்டு, இன்னொரு தரமும் ஒலிக்கும். ஒரே நேரத்தில் 32 குரல் ஒலிக்கும் திறன் கொண்ட கருவி பாதிக் குரலிலேயே திணறி, நீண்ட நோட்டுகளை நடுவில் வெட்டியது. கீபோர்டின் அமைப்பில் 'லோக்கல்' என்பதை ஆஃப் செய்ததும் சரியாகிவிட்டது. அப்படி ஆஃப் செய்துவிட்டு ஞாயிறு காலை தேவாலயத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால் கீபோர்டு ஊமையாகத்தான் இருக்கும், திரும்ப ஆன் செய்ய வேண்டும். கருவியின் தலையில் ஒரு துண்டுச் சீட்டே ஒட்டிவிட்டோம்.

உறுமலும் சீழ்க்கையும்

"உறுமல்" என்று அவர் சொன்னது உண்மையில் இரண்டு இரைச்சல்கள். ஒன்று தாழ்ந்த 'ம்ம்ம்'. மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். மற்றொன்று மெல்லிய சீழ்க்கை. மவுஸை நகர்த்தினால் அதுவும் நெளியும். இரண்டையும் ஒரே நோயாக நினைத்து மருந்து தேடினால் எதுவும் கேட்காது. எல்லா ஒயரையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகினோம். வேறு குறுக்குவழி எனக்குத் தெரியாது.

சீழ்க்கை, 88 கீ பியானோவைச் செருகும்போதுதான் வந்தது. அதுவும் இரண்டு கேபிள்களையும் செருகினால் மட்டும். மிடிக்காக யூஎஸ்பி கேபிள் லேப்டாப்புக்கு, ஒலிக்காக ஜாக் கேபிள் இன்டர்ஃபேஸுக்கு, இன்டர்ஃபேஸிலிருந்து இன்னொரு யூஎஸ்பி அதே லேப்டாப்புக்கு. மூன்றின் கிரவுண்டும் சேர்ந்து ஒரு வளையமாகிவிட்டது. லேப்டாப்பின் மின்சுற்றில் ஓடும் இரைச்சல் இந்த வளையத்தில் சுற்றி, பேலன்ஸ் இல்லாத ஜாக் கேபிளின் மேலுறை வழியாக ஒலியில் கலந்தது. அடாப்டரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டியதும் பாதிக்கு மேல் அடங்கியது. யூஎஸ்பியை உருவியதும் முழுக்கப் போய்விட்டது.

பழைய அரேஞ்சரில் இந்தத் தொல்லை இல்லை. அது ஐந்து பின் மிடி கேபிளில் இன்டர்ஃபேஸோடு இணைந்திருந்தது. மிடி 1983-இல் வந்த தொழில்நுட்பம், வேகம் நொடிக்கு 31,250 பிட் மட்டுமே. ஆனால் அதன் இன்புட்டில் ஆப்டோ ஐசொலேட்டர் ஒன்று இருக்க வேண்டும் என்று விதி எழுதியவர்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள். சிக்னல் ஒளியாக மாறித் தாண்டுவதால் இரு கருவிகளுக்கும் இடையே மின்தொடர்பே இருக்காது, வளையமும் உருவாகாது. வேகமான யூஎஸ்பியில் இந்த வசதி இல்லை. பழைய கீபோர்டு விற்கப்படும்போது பின்பக்கம் அந்த ஐந்து பின் ஓட்டை இருக்கிறதா என்று நான் இன்னும் பார்ப்பது இதனால்தான்.

பியானோவுக்கு என்ன செய்வது? டிரான்ஸ்ஃபார்மர் வைத்த டிஐ பாக்ஸ் (கிரவுண்ட் தொடர்பைத் துண்டித்து ஒலியை மட்டும் கடத்தும் பெட்டி) வாங்கி ஜாக் வழியில் போடலாம். அதைவிட ஒரு கேள்வி கேட்டோம்: இந்தப் பியானோவின் சொந்த ஒலி ட்ராக்கில் வேண்டுமா? வேண்டாம், கணினியில் இருக்கும் பியானோ ஒலியே மேல். அப்படியானால் ஜாக் கேபிள் எதற்கு? உருவிப் போட்டாயிற்று. 88 கீ இனி விரலின் விசையைச் சொல்லும் பலகை மட்டுமே. டோலக், தபலா, நாதஸ்வரம் இவற்றை அரேஞ்சரிலிருந்து ஒலியாகவே பதிவது. பியானோ, ஸ்ட்ரிங்ஸ், பேட் (மெல்லப் பரவும் பின்னணி ஒலி) எல்லாம் மிடியாக வாசித்துக் கணினியில் ஒலிக்க விடுவது. எந்தக் கீபோர்டு ஒலி தரும், எது விரல் தகவல் மட்டும் தரும் என்று பிரித்ததும் எட்டு இன்புட் பெட்டியின் தேவையும் போய்விட்டது. அவர் ஒருவர்தானே வாசிக்கிறார். இரண்டு இன்புட் போதும்.

'ம்ம்ம்' வேறு கதை. ஸ்பீக்கர்கள் ஒரு சுவரின் பிளக்கிலும் லேப்டாப் எதிர்ச் சுவரின் பிளக்கிலும் இருந்தன. லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் லேசாகச் சுரீரென்றது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட், ஆனால் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அதில் பாதிதான். எர்த் முறையாக இருந்தால் இரண்டு அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் சுவிட்ச் போர்டைத் திறந்தபோது எர்த் ஒயர் எதிலும் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதை மாட்டி, எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக்கில் ஒரே ஸ்பைக் கார்டுக்குக் கொண்டுவந்ததும் உறுமல் நின்றது. லேப்டாப், ஸ்பீக்கர், கீபோர்டு எல்லாம் சேர்ந்தாலும் சில நூறு வாட்தான், ஆறு ஆம்பியர் பிளக் தாராளமாகத் தாங்கும். எர்த் பின்னை உடைத்துவிட்டால் ஹம் போகும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்களாம். ஹம் போகலாம், ஆளும் போகலாம். அதைச் செய்யவே கூடாது.

மிச்சமிருந்த ஒரு 'ர்ர்ர்' ஃபேன் ரெகுலேட்டரிலிருந்து வந்தது. ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் மறைந்தது. சுழற்றுகிற டிம்மர் வகையை எடுத்துவிட்டு கெபாசிட்டர் வைத்த ஸ்டெப் வகை ரெகுலேட்டர் போட்டார்கள்.

கமகம் எங்கே போனது

இது அவர் சொன்ன புகாரில் இல்லை. வேலை நடக்கும்போது வந்தது. அவர் நாதஸ்வரம், வீணை டோன்களில் கமகத்தை இடக்கையால் பிட்ச் பெண்ட் வீலில் (ஸ்வரத்தை மேலும் கீழும் வளைக்கும் சக்கரத்தில்) கொண்டுவருபவர். தோடியின் காந்தாரத்தைப் பிடித்தால் அது ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைய வேண்டும். கீபோர்டின் கணக்கில் கீழே இரண்டு அரை ஸ்வரம், மேலே இரண்டு. பெரும்பாலான கீபோர்டுகளில் வீலின் இயல்பான எல்லையும் அதே இரண்டுதான், அதனால் கைக்கு அந்த அளவு பழகிவிட்டது. ஆனால் அவர் வாசித்த மிடியை வேறொரு மென்பொருள் வீணைக்கு மாற்றியபோது காந்தாரம் ஒரு ஆக்டேவ் வரை பறந்தது. அந்த மென்பொருளில் பெண்ட் எல்லை 12 அரை ஸ்வரம். வீல் அனுப்புவது 0 முதல் 16,383 வரை ஒரு எண் மட்டுமே. அது எத்தனை ஸ்வரம் என்று முடிவு செய்வது பெறுகிற கருவி. அங்கேயும் இரண்டு என்று மாற்றியதும் தோடி திரும்பியது.

கமகம் உள்ள வரிகளைக் குவாண்டைஸ் (நோட்டுகளைத் தாளக் கட்டத்துக்குத் தானாக நகர்த்துவது) செய்யக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நோட்டு மட்டும் தாளக் கட்டத்துக்கு நகர்ந்து, வீல் தகவல் பழைய இடத்திலேயே நின்றுவிட்டால், அசைவு ஒரு ஸ்வரத்திலும் ஸ்வரம் இன்னொரு இடத்திலுமாகிவிடும். டோலக் பேட்டர்னுக்குக் குவாண்டைஸ் சரி. நாதஸ்வரத்துக்கு இன்னொரு டேக் எடுப்பதே மரியாதை.

அறையே ஒரு வாத்தியம்

கார் கண்ணாடியை ஆட்டிய பேஸுக்கு வருவோம். இணையாக உள்ள இரண்டு சுவர்களுக்கு நடுவே, அகலத்தைப் போல இரண்டு மடங்கு அலைநீளம் கொண்ட ஒலி நின்று ஒத்திசைக்கும். பத்தடி, அதாவது 3.05 மீட்டருக்கு அது 56 ஹெர்ட்ஸ் வாக்கில் விழுகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி என்றால் மூன்று திசையிலும் அதே 56. ஒலிப்பதிவுக்குக் கனசதுர அறையைப் போல் மோசமானது இல்லை என்பார்கள். நம் ஊர் ஃப்ளாட்டுகளில் பாதிப் படுக்கையறை அப்படித்தான் இருக்கிறது.

இந்த ஒத்திசைவில் சுவரருகே சத்தம் குவியும், அறையின் நட்டநடுவில் கிட்டத்தட்ட மறைந்துவிடும். அவருடைய நாற்காலி இருந்தது நட்டநடுவில், ஏனென்றால் பின்னால் பீரோ. பேஸ் கிட்டாரின் ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். அவர் காதுக்கு அந்த ஸ்வரமும் அதன் அக்கம்பக்கமும் வரவே இல்லை. வரவில்லையே என்று ஈக்வலைசரில் ஏற்றியிருக்கிறார். காரில் அந்தக் குழி இல்லாததால் ஏற்றியது எல்லாம் அப்படியே கொட்டியது. இந்த அறையில் எட்டு அங்குல ஸ்பீக்கரை வைத்திருந்தால் நடுவில் குழி குழியாகவே இருந்து, சுவரருகேதான் இன்னும் அதிகமாக முழங்கியிருக்கும்.

சரி, என்ன செய்தோம்? மேசையை முன்சுவருக்கு நகர்த்தி, காது முன்சுவரிலிருந்து நாலடிக்குச் சற்றுக் குறைவாக, அதாவது அறை நீளத்தில் 38 சதவீதத்தில் வரும்படி நாற்காலியைப் போட்டோம். இது வேதவாக்கு அல்ல, தொடங்குவதற்கு ஒரு புள்ளி. அங்கிருந்து ஒரு பேஸ் ஸ்கேலை ஓடவிட்டு, முன்னும் பின்னும் அரையடி நகர்ந்து பார்க்க வேண்டும். ஸ்பீக்கர்கள் இரண்டும் தலையும் சம முக்கோணமாக, உயர் ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர் காது மட்டத்தில். இரண்டடுக்கு ஸ்டாண்டில் மேலே இருந்த அரேஞ்சர் இடது ஸ்பீக்கரை மறைத்ததால் அது பக்கச் சுவருக்குப் போனது. நாலு அங்குல ராக்வுல் (பாறை இழை) பலகைகளைத் துணி சுற்றி முன் மூலைகளில் சாத்தினோம். பின்பக்கம் வீட்டில் சும்மா கிடந்த இலவம்பஞ்சு மெத்தைகளை நிறுத்தினோம். அவர் ஏற்கெனவே ஒட்டியிருந்த முட்டை அட்டைகளைப் பிய்த்தெறிந்தோம். அவை பேஸை ஒன்றும் செய்யாது, தீப்பிடித்தால்தான் வேலை செய்யும். ஃபோமும் மேல் ஒலியை மட்டுமே உறிஞ்சும், அதனால் கடைப் பட்டியலில் இருந்து அதையும் அடித்தாயிற்று.

குரல் பதிவுக்கு அதிகம் மெனக்கெடவில்லை. புடவைகளும் வேட்டிகளும் தொங்கும் அலமாரிக் கதவைத் திறந்து வைத்து, பாடகரின் முதுகு அதன் பக்கம் வரும்படி நிறுத்தினால் அறையின் எதிரொலி மைக்குக்கு அவ்வளவாகத் திரும்புவதில்லை. ஃபேனை ஒரு டேக் முடியும்வரை நிறுத்திவிட்டுப் பிறகு போட்டுக்கொள்வது. பாடகருக்கு அவர் குரல் கணினியைச் சுற்றிவராமல், இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டர் வழியே நேராக ஹெட்போனுக்கு. காலையில் பக்கத்து வீட்டுக் குக்கர் தொடங்குவதற்கு முன் பதிந்துவிடுவது.

செலவும் மிச்சமும்

மொத்தத்தில் வாங்கியவை: ஒய் கேபிள், ஒயர் ஹெட்போன், ஸ்பைக் கார்டு, ரெகுலேட்டர், ராக்வுல் பலகைகள், அவற்றுக்குத் துணி, எலக்ட்ரீஷியன் கூலி. எட்டு இன்புட் பெட்டியும் பெரிய ஸ்பீக்கரும் வாங்கவில்லை. செகண்ட் ஹேண்ட் பியானோவில் இரண்டு கீ மட்டும் மெல்ல அழுத்தினாலும் முழு விசையில் கத்தின. கீயின் அடியிலிருக்கும் ரப்பர் காண்டாக்டில் தூசி. திறந்து துடைத்ததும் அடங்கியது. பழைய கீபோர்டு வாங்கப் போகிறவர்கள் ஒவ்வொரு கீயையும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று அடித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது.

முழுதாகத் தீராதவையும் உண்டு. 112 ஹெர்ட்ஸ் பக்கம் அறை இன்னும் கொஞ்சம் வீங்குகிறது. அதை ஹெட்போனில் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் மிக்ஸ் செய்கிறார். அரேஞ்சரின் ரிதமும் கணினியும் ஒரே காலத்தில் ஓட, கீபோர்டின் கிளாக்கை எக்ஸ்டர்னல் ஆக்கி, கால் நோட்டுக்கு 24 துடிப்பு என்ற மிடி கிளாக்கைக் கணினியிலிருந்து அனுப்புகிறோம். டோலக்கைத் தனியாக, தபலாவைத் தனியாக, ஒவ்வொரு சுற்றிலும் மற்றதை மியூட் செய்து பதிய இதுவே வழி. ஆனால் ஒவ்வொரு சுற்றும் தொடக்கத்தில் சில மில்லி செகண்ட் தள்ளியே விழுகிறது. முன்னால் ஒரு சுற்று வெறும் கிளிக்கைப் பதிந்துகொண்டு, அந்த முனையை வைத்துக் கையால் இழுத்துப் பொருத்துகிறார். வேகமான பாட்டில் இது சலிப்பான வேலை, மெலடியில் பரவாயில்லை என்கிறார்.